சென்னை ஓப்பன் பார்க்க வருவோர் கவனத்துக்கு

மார்கழியில் சபா கச்சேரி, புத்தாண்டு வாரத்தில் நுங்கம்பாக்கத்தில் டென்னிஸ், அப்படியே பொங்கலை முடித்துக்கொண்டு விமானம் ஏறுவது: இந்தக் கணக்கில் விடுமுறை போட்டவர்கள் நம்மில் பலர். பழைய நினைப்பில் ஜனவரிக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். ஆண்களுக்கான ஏடிபி போட்டி 2017-ஆம் ஆண்டோடு சென்னையை விட்டுப் போய்விட்டது. அடுத்த ஆண்டு புனேக்காரர்கள் அதை வரவேற்றார்கள். நமக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

1996-இல் டெல்லியில் தொடங்கிய போட்டி அது. மறு ஆண்டே சென்னைக்கு வந்தது. 1995 தெற்காசிய விளையாட்டுகளுக்காகக் கட்டிய அரங்கம் இங்கே தயாராக இருந்தது. கோல்ட் ஃபிளேக், டாடா, ஏர்செல் என்று புரவலர்கள் மாறினார்களே தவிர, இடம் மாறவில்லை. பயஸ், பூபதி இணை சென்னையில் நடந்த முதல் மூன்று ஆண்டுகளும் இரட்டையர் கோப்பையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆழிப்பேரலை அடித்த சில நாட்களில் நடந்த 2005 போட்டியில் வென்ற ஸ்பெயின் வீரர் கார்லோஸ் மோயா, பரிசுப் பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்தார்.

இருந்தாலும் பழைய ரசிகர்கள் முதலில் எடுப்பது 2008 அரையிறுதிப் பேச்சைத்தான். ஸ்பெயினின் ரஃபேல் நடாலும் மோயாவும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் மோதினார்கள். 6-7, 7-6, 7-6. மூன்று செட்டும் டைபிரேக், அதாவது 6-6 என்று சமனான பிறகு முடிவைத் தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டம். தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்ட நடால், மறுநாள் இறுதியாட்டத்தில் ரஷ்யாவின் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று சுருண்டார். கால்கள் ஒத்துழைக்கவில்லை.

இப்போது நிலைமை வேறு. பெண்களுக்கான டபிள்யூடிஏ போட்டி 2022 செப்டம்பரில் வந்தது. 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா வென்றார். 2025-இல் அக்டோபர் கடைசியில் மீண்டும் நடந்தது. ஆண்டுதோறும் உறுதி என்று நம்பாமல், தேதி அறிவித்த பிறகே பயணத்தை முடிவு செய்யுங்கள். அக்டோபர் கடைசி வடகிழக்குப் பருவமழைக் காலம், ஆடுகளத்துக்குக் கூரையும் இல்லை. ஓரிரு நாள் கையிருப்பு வேண்டும்.

பிப்ரவரியில் வருகிறவர்கள் ஏடிபி போட்டிகளுக்கு ஒரு படி கீழே உள்ள, ஆண்களுக்கான சேலஞ்சர் போட்டியை விசாரியுங்கள். பெரிய பெயர்கள் இருக்காது என்று ஒதுக்க வேண்டாம். 2024-இல் சுமித் நாகல் இங்கே வென்றுதான் உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் நுழைந்தார்.

மின்சார ரயிலில் நுங்கம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். அரங்கத்தின் அரசாங்கப் பெயரைச் சொன்னால் ஓட்டுநர் விழிப்பார். 'வள்ளுவர் கோட்டம் பக்கம், டென்னிஸ் ஸ்டேடியம்' என்றால் போதும். பகல் ஆட்டத்துக்கு மேற்குப் பக்க இருக்கை நல்லது, மாலை வெயில் முகத்தில் அடிக்காது. இரவு ஆட்டம் என்றால் கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொண்டு போங்கள்.