சிறு திரள்மேகம் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது? மாதிரியிலிருந்து கணிக்கும் முறை

மழை பொழியாத சிறு திரள்மேகம் மேலெழும்போது பக்கத்து உலர்காற்றை எவ்வளவு உள்ளிழுக்கிறது என்பதைக் கணிக்கப் பழகுவோருக்கு, 1969-இல் பார்படோஸ் தீவுக்குக் கிழக்கே கடலில் நடந்த போமெக்ஸ் கள ஆய்வின் தரவு நல்ல தொடக்கமாகும். மேக அடி சுமார் 500 மீட்டரிலும், மேகங்களுக்கு மூடிபோலிருக்கும் வெப்பத் தலைகீழ் அடுக்கு (உயரம் கூடக் கூட வெப்பமும் கூடும் அடுக்கு) 1500 முதல் 2000 மீட்டர் வரையிலும் இருப்பதால் சிறிய கணினியிலேயே இந்த மேகச் சூழலை மாதிரியாக ஓட்டிப் பார்க்கலாம்.

காற்றின் பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிடும் கணினி மாதிரியான பெருஞ்சுழல் மாதிரியில் 6.4 கிலோமீட்டர் சதுரப் பரப்பையும் 3 கிலோமீட்டர் உயரத்தையும் எடுத்துக்கொண்டு, கட்டத்தின் அளவைக் கிடையாக 100 மீட்டர், செங்குத்தாக 40 மீட்டர் என வையுங்கள். ஆறு மணி நேர ஓட்டத்தில் முதல் மூன்று மணி நேரத்தைக் கைவிடுங்கள். மேகங்கள் நிலைகொள்ள அவ்வளவு நேரமாகும்.

அடுத்து எது மேகம் என்று வரையறுக்க வேண்டும். நீர்த்துளி உள்ள கட்டங்கள் அனைத்தும் மேகம். அவற்றுள் அதே உயரத்தின் சராசரிக் காற்றைவிட இலேசானவை மேகக்கரு. இரண்டும் வெவ்வேறு விடை தரும் என்பதால், எதை எடுத்தீர்கள் என்பதை விடையோடு சேர்த்தே எழுதுங்கள்.

அளவுகோலாக ஆவியும் துளியும் சேர்ந்த மொத்த ஈரத்தையே கொள்ளுங்கள். மழை இல்லாதவரை ஆவி துளியாவதால் அது மாறாது. ஒருமுறை நான் ஆவியை மட்டும் எடுத்துக் கணக்கிட்டபோது, துளியாக மாறிய நீரெல்லாம் கலப்பின் கணக்கில் ஏறி, நம்ப முடியாத பெரிய எண் வந்தது.

மேகத்தின் ஈரம் உயரத்தோடு குறையும் வீதத்தை, மேகத்துக்கும் சுற்றுக்காற்றுக்கும் உள்ள ஈர வேறுபாட்டால் வகுத்தால் உள்ளிழுப்பு வீதம், அதாவது மேகம் ஒரு மீட்டர் எழும்போது தன் நிறையில் எந்தப் பங்குக்கு வெளிக்காற்றை ஏற்கிறது என்பது, கிடைக்கும். போமெக்ஸ் தொடக்க நிலையில் 1000 மீட்டரில் சுற்றுக்காற்றின் ஈரம் கிலோவுக்கு 13.5 கிராம். அங்கே மேகத்தின் ஈரம் 15.3 கிராமாக இருந்து, மீட்டருக்கு 0.0036 கிராம் வீதம் குறைவதாகக் கொண்டால், 0.0036-ஐ 1.8-ஆல் வகுக்க, மீட்டருக்கு 0.002 வரும். வானிலை ஆய்வாளர்கள் சீபெஸ்மாவும் கையூப்பெர்சும் 1995-இல் வெளியிட்ட ஆய்வின் விடையும் ஏறத்தாழ இதுவே. அக்காலத்தில் பெரிய வானிலை மாதிரிகளில் மேகங்களின் விளைவைத் தோராயமாகச் சேர்க்கப் புழங்கிய டீட்கே முறையில் இருந்ததோ 0.0003 மட்டுமே.

மேகம் மூடிய பரப்பின் விகிதம், மேலெழு வேகம், காற்றின் அடர்த்தி மூன்றையும் பெருக்கினால் நிறைப்பாய்வு, அதாவது மேகங்கள் மேலே சுமந்து செல்லும் காற்றின் அளவு, கிடைக்கும். அது மீட்டருக்கு எந்தப் பங்கு குறைகிறதோ அதை உள்ளிழுப்போடு கூட்டினால், மேகத்திலிருந்து காற்று வெளியே கலக்கும் வெளியேற்ற வீதம் தெரியும்.

மேக அடியில் ஈர வேறுபாடு சுழியை நெருங்குவதால் வகுத்தல் தாறுமாறாகும். அடியை ஒட்டிய சில அடுக்குகளை விட்டுவிடுங்கள். உச்சியில் மிஞ்சுபவை குறைவாகக் கலந்த வலுவான மேகங்கள் மட்டுமே என்பதால் அங்கும் விடை திரியும்.

மேக எல்லையைக் கடக்கும் காற்றை நேரடியாக எண்ணும் முறைகளில் இதைவிடப் பெரிய, ஏறத்தாழ இருமடங்கு எண் வருகிறது. உள்ளே நுழைவது தொலைவிலுள்ள உலர்காற்றன்று, மேகத்தை ஒட்டிய ஈரமான உறை என்பதே காரணம். வானிலை மாதிரியின் சமன்பாட்டில் சராசரிச் சுற்றுக்காற்றே இடம்பெற்றிருந்தால், நேரடி முறையின் எண்ணை அதில் போடாதீர்கள். மேகம் அளவுக்கு மீறி உலர்ந்துவிடும்.