உடுக்கை என்னும் பெயரை எங்கே, எப்படி எழுதுவது

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மாரியம்மன் திருவிழாவுக்கு அழைப்பிதழோ விழா மலரோ எழுத உட்காருபவர் மேளங்களின் பெயரில் தடுமாறுவது இயல்பே. கொங்கு நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்களும், 1964ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்களும் அடுத்தடுத்து வாழும் நீலகிரியில், கருவிகளின் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறி ஒலிக்கின்றன. ஆகவே பெயரை எழுதும் முன் கருவியைப் பார்த்துவிடுவது நல்லது.

இருபுறமும் விரிந்து நடுவில் ஒடுங்கிய, மரத்தாலோ பித்தளையாலோ ஆன உடல். இரு முகங்களிலும் தோல். அவற்றை இழுத்துப் பிணைக்கும் கயிறு. இவ்வளவும் இருந்தாலும் அது உடுக்கை என்று முடிவு செய்துவிட முடியாது, ஏனெனில் இந்த வடிவம் வேறு சில கருவிகளுக்கும் உண்டு. ஒரு கை கருவியின் ஒடுங்கிய நடுப்பகுதியைப் பற்றிக் கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் சுருதியை ஏற்றி இறக்க, மறு கையின் விரல்கள் ஒரு முகத்தில் தட்டினால் அது உடுக்கை. பிடித்த கையைச் சுழற்றும்போது முடிச்சிட்ட கயிறு தானாக இரு முகங்களிலும் மோதினால் அது தமருகம். தோளில் தொங்கவிட்டுக் குச்சியால் அடிப்பது கேரளக் கோயில்களின் இடக்கை. ஒற்றை முகமுள்ள வட்டச் சட்டத்தை நெருப்பில் காய்ச்சி இரு குச்சிகளால் அடித்தால் அது பறை. மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் அதைத் தப்பு என்பார்கள், அவர்கள் விழாவைப் பற்றி எழுதும்போது தப்பு என்றே எழுதலாம்.

சொல்லின் பொருளில் ஒரு சிக்கல் உண்டு. 'உடுக்கை இழந்தவன் கைபோல' என்னும் குறளில் (788) உள்ள உடுக்கை, உடுத்திய ஆடை. மேளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. விழா மலரில் இசைக்கருவியின் பெருமைக்குச் சான்றாக அந்தக் குறளைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துடி என்னும் சொல்லையும் உடுக்கைக்கு மாற்றாகக் கண்டபடி வழங்கக் கூடாது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் காட்டும் தோற்கருவிப் பட்டியலில் இடக்கை, உடுக்கை, தமருகம், துடி ஆகிய நான்கும் தனித்தனியாகவே நிற்கின்றன. கூத்தப்பெருமான் கையில் இருப்பதைத் துடி என்றோ தமருகம் என்றோ எழுதுவதும், மெல்லிய இடையைத் துடியிடை என்பதும் மரபு. ஆனால் மாரியம்மன் கோயிலில் அம்மனைப் போற்றி வர்ணிப்புப் பாடுபவரின் கையில் இருப்பது உடுக்கைதான். அங்கே துடி என்று எழுதினால் நடை கொஞ்சம் உயர்ந்தது போலத் தோன்றலாம், செய்தி தவறிவிடும்.

உடுக்கை, உடுக்கு இரண்டும் சரியான வடிவங்களே. மலையாளத்திலும் உடுக்கு என்றே சொல்கிறார்கள். ஆனால் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் ஒன்றையே கடைசிவரை வைத்துக்கொள்ள வேண்டும். உடுக்கையோடு பாட்டு சேரும்போது உடுக்கைப்பாட்டு என்று ஒற்று மிகும். உடுக்கோடு அடி சேர்ந்தால் உடுக்கடி என்றாகும். கொங்கு நாட்டில் பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மார் கதையைப் பாடுவதை உடுக்கடிப்பாட்டு என்கிறார்கள். வினையாக வரும்போது 'உடுக்கை அடித்தார்' என்பதே மக்கள் வாயில் வருவது. 'உடுக்கை வாசித்தார்' என்பது கச்சேரி மேடையின் நடை, அம்மன் சன்னிதிக்கு அது பொருந்தி வருவதில்லை என்பது என் எண்ணம். கொடைக்கானல், திண்டுக்கல் பக்கத்து உறவினர் கோடாங்கி என்று சொல்லக் கேட்டு அதையும் கருவியின் பெயராக எழுதிவிட வேண்டாம். அங்கே அது பெரும்பாலும் உடுக்கை அடித்துக் குறி சொல்பவரைக் குறிக்கும்.

நீலகிரியைப் பற்றி எழுதும்போது இன்னொரு கவனமும் தேவை. இங்குள்ள பழங்குடியினரான கோத்தர்களின் இசையில் ஊதுகுழலோடும் கொம்போடும் சேர்ந்து ஒலிக்கும் மேளங்கள் வடிவிலும் வழக்கிலும் வேறானவை. அவற்றுக்கு அவர்கள் மொழியிலேயே பெயர்கள் உள்ளன. தமிழ்ப் பெயர் ஒன்றை அவற்றின் மேல் ஒட்டாமல், அடிப்பவரிடமே பெயரைக் கேட்டு அவர் சொல்லும் ஒலிப்பில் எழுதி, அருகில் 'வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய மேளம்' என்பது போல ஒரு சிறு விளக்கத்தைத் தமிழில் சேர்த்தால் போதும்.