இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை நாள்? கம்ப்யூட்டரிடம் சரியாகக் கேட்கும் வழி

காங்கிரீட் டெஸ்டிங் லேபில் எனக்கு வேலை. சைட்டில் காங்கிரீட் போடும்போது அதிலிருந்தே கொஞ்சம் எடுத்து 150 மில்லிமீட்டர் க்யூபாக வார்ப்பார்கள். இதைத்தான் காஸ்டிங் என்போம். மறுநாள் அச்சைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைப்போம். 7 நாள் ஆனதும் சிலவற்றையும் 28 நாள் ஆனதும் மற்றவற்றையும் எடுத்து, மெஷினில் வைத்து நொறுக்கி வலிமை பார்ப்போம். ஒரு நாள் முந்திப்போனாலும் அந்த ரிசல்ட் 28 நாள் ரிசல்ட் இல்லை. நொறுக்கிய க்யூபைத் திரும்ப ஒட்டவைக்கவும் முடியாது. நாள் கணக்கு எனக்கு அவ்வளவு முக்கியம்.

2024 பிப்ரவரியில் புதிதாக வேலைக்கு வந்திருந்த தம்பி ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அக்கா, 12 பிப்ரவரி காஸ்டிங். பிப்ரவரிக்கு 28 நாள், அப்போ டெஸ்டிங் 12 மார்ச். உங்க ஷீட்டு 11 மார்ச்னு காட்டுது. ஷீட்டு தப்பா?” என்றான்.

“காஸ்டிங் அன்னைக்கு என்ன கிழமை?”

“திங்கள்.”

“12 மார்ச் என்ன கிழமைன்னு பாரு.”

காலண்டரைப் பார்த்தான். செவ்வாய். 28 என்பது நான்கு வாரம். திங்களில் தொடங்கினால் திங்களில்தான் முடியவேண்டும். அந்த வருடம் லீப் வருடம், பிப்ரவரிக்கு 29 நாள். சாதாரண வருடமாக இருந்திருந்தால் அவன் கணக்கு சரியாகவே வந்திருக்கும். அதனால்தான் இந்தத் தப்பு நான்கு வருடத்துக்கு ஒருமுறை வந்து ஆளைக் கவிழ்க்கிறது.

கம்ப்யூட்டரில் கை வைக்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: முதல் நாளையும் சேர்த்து எண்ணுகிறீர்களா, சேர்க்காமல் எண்ணுகிறீர்களா? நம் பேச்சில் இரண்டும் உண்டு. “இன்றைக்கு எட்டாம் நாள்” என்றால் அடுத்த வாரம் இதே கிழமை. அங்கே இன்றும் எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டது. “இன்னும் ஏழு நாளில்” என்றாலும் அதே கிழமைதான். அங்கே இன்று சேரவில்லை. கம்ப்யூட்டர் கழித்துச் சொல்வது இரண்டாவது வகை. நான் சொல்லிக்கொடுக்கும்போது, “தேதியை எண்ணாதே, நடுவில் வரும் ராத்திரியை எண்ணு” என்பேன். 12ஆம் தேதிக்கும் 16ஆம் தேதிக்கும் நடுவில் நான்கு ராத்திரி. கழித்தால் வருவது அந்த நான்கு. க்யூபின் வயது, கடனுக்கு வட்டி ஓடிய நாள் எல்லாம் ராத்திரிக் கணக்கு. லீவு எத்தனை நாள், பயிற்சி வகுப்பு எத்தனை நாள் என்றால் இரு முனையும் சேரும்; கழித்து வந்ததோடு 1 கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி எக்செல், லிப்ரெஆபிஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ், எதில் வேண்டுமானாலும் செய்யலாம். ஏ2 கட்டத்தில் தொடக்கத் தேதி, பி2 கட்டத்தில் முடிவுத் தேதி. சி2 கட்டத்தில் சமக்குறி போட்டு, பி2 கழித்தல் ஏ2 என்று எழுதி என்டர் தட்டுங்கள். அவ்வளவுதான். டெஸ்டிங் தேதி வேண்டுமென்றால் சமக்குறி, ஏ2 கூட்டல் 28.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் பாதிச் சிக்கல் அப்போதே தீரும். ஷீட்டுக்குத் தேதி என்று தனியாக ஒன்றும் கிடையாது. உள்ளே இருப்பது வெறும் எண், நாம் பார்ப்பது அதன் மேல் போர்த்திய தேதி வடிவம். எக்செலில் 1900 ஜனவரி 1 என்பது எண் 1. அங்கிருந்து நாளுக்கு ஒன்றாக ஏறி, 2024 ஜனவரி 1 அன்று 45292. 2024 பிப்ரவரி 12 என்பது 45334, மார்ச் 11 என்பது 45362. கழித்தால் 28. மாதத்துக்கு முப்பதா முப்பத்தொன்றா, லீப் வருடமா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

சில சமயம் விடையாக 28 வராமல் 1900 ஜனவரி 28 என்று வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். விடை 28தான், அதற்கும் ஷீட் தேதிப் போர்வையைப் போர்த்திவிட்டது. கன்ட்ரோல் பட்டனோடு 1 அழுத்தி, வடிவத்தை எண் என்று மாற்றுங்கள். கால்க்கில் அதே 28 ஜனவரி 27 ஆகத் தெரியும். எக்செல் 1900ஆம் ஆண்டை லீப் வருடமாக எடுத்துக்கொண்டு, இல்லாத ஒரு பிப்ரவரி 29ஐ 60ஆம் எண்ணாக வைத்திருக்கிறது. முன்பிருந்த லோட்டஸ் 1-2-3 ஷீட்டுகளோடு ஒத்துப்போவதற்காக அப்படியே விட்டுவைத்த பிழை அது. கால்க் 1899 டிசம்பர் 30ஐப் பூஜ்யமாக வைத்துக்கொண்டது, அதனால் 1900 மார்ச் 1 முதல் இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லும். அதற்குப் பிந்தைய தேதிகளில் கவலையே இல்லை.

உண்மையான ஆபத்து கழிப்பதில் இல்லை, தேதியை உள்ளே கொடுப்பதில் இருக்கிறது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரு சைட்டிலிருந்து காஸ்டிங் பட்டியல் வந்தது. 05/06/2024, 11/06/2024, 13/06/2024, 18/06/2024 என்று நாலு வரி. நான் திறந்த கம்ப்யூட்டர் மாதத்தை முன்னால் எழுதும் அமைப்பில் இருந்தது. 05/06 சத்தமில்லாமல் மே 6 ஆனது. 11/06 நவம்பர் 6 ஆனது. 13, 18 என்று மாதம் கிடையாதே, அதனால் அந்த இரண்டு வரியும் தேதியாகவே மாறாமல் எழுத்தாகத் தங்கிவிட்டன. மே 6 காஸ்டிங் என்றால் ஜூன் 3லேயே டெஸ்டிங் முடிந்திருக்க வேண்டும். “நாள் தாண்டிப்போச்சு அக்கா” என்று தம்பி பதறிப்போய்த் தொட்டியிலிருந்து க்யூபை எடுத்துவிட்டான். மெஷினில் ஏற்றும் முன் க்யூபின் முகத்தைத் துடைத்துப் பார்த்தோம். பெயின்டில் 5 ஜூன், புதன் என்று சைட்காரர் கையால் எழுதியிருந்தார். மே 6 திங்கள்கிழமை. அந்தப் ‘புதன்’ என்ற ஒரு சொல் இல்லாமல் இருந்திருந்தால் நான் மெஷினை ஓட்டியிருப்பேன்.

இந்த இடத்தில் 28க்கு வைத்த கிழமைச் சோதனை உதவாது. மே 6 திங்கள், ஜூன் 3 திங்கள். கணக்கு அழகாகப் பொருந்தும். தப்பான தேதியிலிருந்து சரியாக எண்ணியிருக்கிறோம், அவ்வளவே. தேதி எழுதுகிறவரே அன்றைய கிழமையையும் எழுதியிருந்தால்தான் இந்தத் தப்பு பிடிபடும். அன்றிலிருந்து எங்களுக்குப் பட்டியல் அனுப்புகிற எல்லோரிடமும் கிழமையைக் கேட்டு வாங்குகிறேன்.

வந்த தேதி தேதிதானா என்று பார்க்க எளிய வழி: நாம் எந்தச் சீரமைப்பும் செய்யாதபோது உண்மையான தேதி கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்தாக விழுந்தது இடது ஓரத்தில் நிற்கும். ஒரே பத்தியில், அதாவது மேலிருந்து கீழாக வரும் ஒரே கட்ட வரிசையில், சில வலம், சில இடம் என்று கிடந்தால் நாளும் மாதமும் புரண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இடப்பக்கம் நிற்பவற்றை மட்டும் திருத்தாதீர்கள். அவை தப்பு என்று தாமே காட்டிக்கொடுத்துவிட்டன; வலப்பக்கம் ஒழுங்காக உட்கார்ந்திருப்பவைதான் பொய் சொல்கின்றன. மூல ஃபைலுக்குத் திரும்பிப் போங்கள். ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், எக்செலில் டேட்டா மெனு வழியாக உள்ளே இறக்குங்கள். கால்க்கில் சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) திறக்கும்போது வரும் பெட்டியிலேயே அந்தப் பத்தியைத் தேர்ந்து, நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையைச் சொல்லிவிடலாம்.

நீங்களே தட்டச்சு செய்வதாக இருந்தால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-06-05 என்று எழுதுங்கள். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம் சொல்வதும் இதைத்தான். இப்படி எழுதிய தேதியில் மாதம் எது, நாள் எது என்ற குழப்பம் வராது. ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள். இரண்டு இலக்கம் மட்டும் கொடுத்தால் எந்த நூற்றாண்டு என்பது கம்ப்யூட்டரின் அமைப்பைப் பொறுத்தது; பல கம்ப்யூட்டர்களில் எக்செல் 00 முதல் 29 வரை 2000களாகவும், 30 முதல் 99 வரை 1900களாகவும் எடுத்துக்கொள்ளும். அங்கே 2030இல் முடியும் ஒப்பந்தத்துக்கு 30 என்று எழுதினால் நூறு வருடம் பின்னால் போய்விடும்.

இன்னொரு வகைத் தப்பு கண்ணுக்கே தெரியாது. தேதியோடு மணியும் உள்ளே ஒளிந்திருக்கும். பிப்ரவரி 12 மாலை 4.30 என்பது 45334.6875. மார்ச் 11 காலை 10 மணியிலிருந்து அதைக் கழித்துப் பார்த்தால் சுமார் 27.73 வரும். கட்டத்தில் தசமம் காட்டாமல் வைத்திருந்தால் 28 என்று தெரியும். அதையே இன்ட் ஃபார்முலாவில் போட்டு முழு எண்ணாக்கினால் 27 ஆகிவிடும். ஒரே விஷயத்துக்கு இரண்டு விடை. கழித்த பிறகு வெட்டாதீர்கள். இரண்டு தேதியையும் தனித்தனியே இன்ட்டில் போட்டு மணியைக் கழற்றிவிட்டு, அப்புறம் கழியுங்கள். 28 வரும்.

மற்ற ஃபார்முலாக்களைப் பற்றி எனக்குத் தோன்றுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டேஸ் என்பதும் கழித்தல்தான், ஆனால் அதில் முடிவுத் தேதி முதலில் வரவேண்டும். மாற்றிப் போட்டால் மைனஸில் விடை வரும். நெட்வொர்க்டேஸ் சனி, ஞாயிறை விட்டுவிட்டு வேலை நாட்களை எண்ணும். விடுமுறைப் பட்டியல் கொடுத்தால் அதையும் விடும். ஆனால் அது இரு முனையையும் சேர்த்து எண்ணுகிறது: திங்கள் 12 முதல் வெள்ளி 16 வரை, கழித்தால் 4, நெட்வொர்க்டேஸில் 5. இரண்டையும் ஒரே ஷீட்டில் கலந்து வைத்துக்கொண்டு ஒரு நாள் எங்கே போயிற்று என்று தேடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். டேஸ்360 எல்லா மாதத்துக்கும் முப்பது நாள் என்று வைத்துக் கணக்குப் போடும் நிதித் துறைக்கானது. பிப்ரவரி 12 முதல் மார்ச் 11 வரை அது 29 என்று சொல்லும். அந்த முறையில்தான் கணக்கு வேண்டும் என்று யாராவது எழுதிக் கொடுக்காதவரை தொடவேண்டாம். இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள் என்று பிரித்துக் காட்ட டேட்டிஃப் உண்டு. வருடத்துக்கும் மாதத்துக்கும் அது சரி. மிச்ச நாட்களைக் கேட்கும் எம்டி என்ற குறியைப் பயன்படுத்த வேண்டாம், விடை பூஜ்யமாகவோ மைனஸாகவோ தப்பாகவோ வரலாம் என்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது. மாதக் கடைசித் தேதிகளில்தான் அது தடுமாறும்.

ஒரே ஒரு தடவை பார்க்க ஷீட் எதற்கு? விண்டோஸ் கால்குலேட்டரில் இடது மேல் மெனுவைத் திறந்தால் தேதிக் கணக்கீடு என்று ஒன்று இருக்கிறது. இரண்டு தேதியைத் தேர்ந்தால் வாரமாகவும் நாளாகவும் காட்டும். காலண்டரிலிருந்து தேதியைத் தொட்டு எடுப்பதால் நாளும் மாதமும் புரளாது.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு: பைத்தானில் டேட்டைம் மாடியூலில் உள்ள டேட் வகையில் இரண்டு தேதிகளை உருவாக்கிக் கழித்தால், வரும் விடையின் டேஸ் என்ற உறுப்பில் நாள் எண்ணிக்கை இருக்கும். மணி சேராத டேட் வகையையே எடுங்கள். விநாடிகளைக் கழித்து, ஒரு நாளின் விநாடிக் கணக்கான 86,400ஆல் வகுக்கும் பழக்கம் வேண்டாம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் நாடுகளில் அந்த ஒரு நாளுக்கு 23 மணி நேரம்தான். முழு எண்ணாக வெட்டும்போது ஒரு நாள் காணாமல் போகும். ஜாவாஸ்கிரிப்டில் மாதம் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது, ஜூனுக்கு 5 என்று கொடுக்கவேண்டும்.

வம்ச வரலாறு, பழைய ஆவணம் என்று பின்னோக்கிப் போகிறவர்களுக்கு எக்செல் உதவாது. 1900க்கு முந்தைய தேதி அங்கே வெறும் எழுத்து. கால்க்கும் பைத்தானும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் இரண்டும் ஒரே விடை சொல்லும் என்று நம்பிவிடாதீர்கள். 1582இல் கிரெகோரியன் காலண்டர் வந்தபோது அக்டோபர் 4க்கு மறுநாளே அக்டோபர் 15 ஆனது. கால்க் அதை மதித்து அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் 1 நாள் என்கிறது. பைத்தான் இன்றைய காலண்டரையே பின்னோக்கி நீட்டி 11 என்கிறது. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752 செப்டம்பரில்தான் மாறின: 2க்கு மறுநாள் 14. ஆவணம் எந்த நாட்டில் எழுதப்பட்டது என்று பார்த்த பிறகே கழியுங்கள்.

எங்கள் ஷீட்டில் இப்போது ஐந்து பத்தி. காஸ்டிங் தேதி, சைட்டிலிருந்து எழுதி வந்த கிழமை, தேதியிலிருந்து ஷீட் தானாக எடுத்த கிழமை, 7 நாள் தேதி, 28 நாள் தேதி. தேதியைக் கிழமையாகக் காட்ட, கட்டத்தின் வடிவத்தில் ஆங்கில டி எழுத்தை நான்கு முறை எழுதினால் போதும். ஃபார்முலாவில் ஒப்பிடுவதற்கு அதே குறியை டெக்ஸ்ட் ஃபார்முலாவில் கொடுக்க வேண்டும், அப்போதுதான் கிழமை சொல்லாகக் கிடைக்கும். இரண்டு கிழமையும் ஒத்துப்போகாவிட்டால் வரி சிவப்பாகும். சிவப்பு வந்தால் தம்பி என்னைக் கூப்பிடுவதில்லை, நேரே தொட்டிக்குப் போய்க் க்யூபின் முகத்தைத் துடைத்துப் பார்க்கிறான்.