ஏற்காட்டுச் சாலையை நிரலால் அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துச் சாலைகளையும் ஓடைகளையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்திலிருந்து இறக்கி, ஜியோபாண்டாஸ், ஷேப்லி, ஓஎஸ்எம்என்எக்ஸ் போன்ற திறந்த மூலப் பைத்தான் கருவிகளால் ஆராய்வது இன்று எளிது. பிழைச் செய்தியோடு நின்றுபோகும் தவறுகளால் பெரிய தொல்லை இல்லை. சத்தமில்லாமல் ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிட்டுப் போகிறவைதான் ஆளைக் கவிழ்க்கும்.

எளியதை முதலில் முடித்துவிடலாம். ஒரு புள்ளியை எழுதும்போது நெட்டாங்கு முதலில், அகலாங்கு பிறகு: சேலம் என்றால் 78.16, 11.65. மாற்றிப் போட்டால் ஊர் வடதுருவப் பக்கம் ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய கடலில் விழும். வரைந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

நீளம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. பாகையில் உள்ள கோட்டின் நீளத்தைக் கேட்டால் ஜியோபாண்டாஸ் எச்சரிக்கும். ஷேப்லி எதுவும் சொல்லாமல் பாகையிலேயே விடை தரும். மீட்டர் வேண்டுமே என்று பலர் இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் 3857 என்ற ஆயமுறைக்குத் தாவுவார்கள். லண்டனில் அது ஒன்றரை மடங்குக்கு மேல் காட்டும், யாரும் பிடித்துவிடலாம். சேலத்தில் கூடுவது 2 சதவீதம் போலத்தான். அது யார் கண்ணில் படப்போகிறது?

உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் ஆயமுறைக்கு மாறுங்கள். ஆனால் 43, 44 மண்டலங்களைப் பிரிக்கும் 78 பாகைக் கோடு நம் மாவட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது. மேட்டூரும் எடப்பாடியும் 43-ல், சேலமும் ஏற்காடும் 44-ல். மண்டலத்துக்கு ஒன்றாக உள்ள இரண்டு கோப்புகளை இணைக்கப் போனால் ஜியோபாண்டாஸ் மறுக்கும். அந்த மறுப்பை அடக்க, 43-ன் கோப்புக்கு செட்_சிஆர்எஸ்-இல் மேலெழுத அனுமதி கொடுத்து 44 என்று போட்டால் ஆயமுறையின் பெயர் மட்டும் மாறும், எண்கள் மாறாது. மேட்டூர்ச் சாலை 6 பாகை கிழக்கே நகர்ந்து வங்கக் கடலில் கிடக்கும். எண்களை மாற்றுவது டு_சிஆர்எஸ். மாவட்டம் முழுவதையும் 44-ஆம் மண்டலத்திலேயே (குறியீடு 32644) வைத்தால்கூட மேட்டூரில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுதான் பிசகும். போதும்.

அப்புறம் ஏற்காட்டுக்கு ஏறும் காட் ரோடு. 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் கோட்டின் புள்ளிகளைக் குறைக்கும் ஷேப்லியின் சிம்ப்ளிஃபை-யை 50 மீட்டர் விலகல் அனுமதித்து ஓட்டினால் வளைவுகள் மழுங்கி, சில காணாமலே போகும், நீளமும் குறையும். ஓஎஸ்எம்என்எக்ஸ் செய்யும் எளிதாக்கல் வேறு: சந்திப்பு அல்லாத இடைப்புள்ளிகளை நீக்கினாலும் வளைவின் வடிவத்தைப் பத்திரமாக வைத்திருக்கும். அந்த வடிவத்தை விட்டுவிட்டு இரு முனைகளை மட்டும் எடுத்துத் தூரம் போட்டால் மலைப்பாதை விஞ்ச் பாதையாகிவிடும்!

சரிவைச் சேர்க்கவில்லையே என்று நீளத்துக்காகக் கவலைப்பட வேண்டாம். 8 சதவீத ஏற்றத்தில் கூடுவது 0.3 சதவீதம்தான். மொத்த ஏற்றத்தைக் கூட்டுவதில்தான் ஆபத்து. விண்வெளியிலிருந்து அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவின் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். வளைவின் மேல்சாலையும் கீழ்சாலையும் ஒரே கட்டத்தில் சிக்கினால் இல்லாத ஏற்ற இறக்கங்கள் முளைக்கும். கூட்டும் முன் உயரங்களைச் சமன்செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, சேலம் நகரின் ஐந்து ரோடு சந்திப்பு. கோடுகளைச் சந்திப்புகளில் வெட்ட, ஷேப்லியின் யூனரி_யூனியனை ஓட்டினால், ஈரடுக்கு மேம்பாலமும் கீழே போகும் சாலையும் குறுக்கிடும் இடமெல்லாம் சந்திப்பாகும். வழிகாட்டி நிரல் பாலத்திலிருந்து நேரே கீழே குதிக்கச் சொல்லும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பிரிட்ஜ், லேயர் குறிப்புகள் உள்ள கோடுகளைத் தனியே எடுத்துவைத்து, மற்றவற்றை மட்டும் வெட்டி, பிறகு சேருங்கள். பாலத்தின் முனைகள் தரைச்சாலையின் முனைகளைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், இணைப்பு அறுந்துபோகாது.