பழைய சொகுசு செடான்: சக்கர அளவிலும் பயண சுகத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் பழைய சொகுசுக் கார்களுக்குக் குறைவே இல்லை. சாலை வரி குறைவு என்பதால் பல ஆண்டுகளாக பி.ஒய் 01 எண்ணில் பதிவான பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி எல்லாம் ஏழெட்டு வயது ஆனதும் கைமாறத் தொடங்குகின்றன. புதிதாக அரைக்கோடிக்கு விற்ற செடான், சாதாரண புதுக் காரின் விலைக்கு இறங்கி வரும்போது கடலூர், நெய்வேலி, விழுப்புரம் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். (கடலூருக்குக் கொண்டுபோய் ஓராண்டுக்கு மேல் ஓட்டுவதாக இருந்தால் தமிழ்நாட்டுப் பதிவும் வரியும் உண்டு என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

வருபவர்கள் எஞ்சினைப் பார்க்கிறார்கள், கியர்பாக்ஸைப் பார்க்கிறார்கள், சர்வீஸ் ரெக்கார்டைத் துருவுகிறார்கள். ஆனால் இப்படி ஒரு வண்டியை எதற்காக வாங்குகிறோமோ அந்தச் சுகத்தை மட்டும் கண்ணால் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்கள். பெரிய அலாய் வீல் பளபளப்பாக நின்றால் போதும், பேரம் பாதி முடிந்த மாதிரிதான். நம் ஊர்ச் சாலைகளில் அந்தப் பெரிய வீல்தான் வண்டியின் சுகத்தை முதலில் தின்கிறது.

வீல் பெரிதானால் வண்டி பெரிதாகாது

டயரின் பக்கவாட்டில் 225/55 ஆர்17 என்று எழுதியிருந்தால், 225 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடு எண்ணை மட்டும் வைத்து இரண்டு டயர்களை ஒப்பிட முடியாது; 205-இன் 45 சதவீதமும் 245-இன் 45 சதவீதமும் ஒன்றல்ல.

பி.எம்.டபிள்யூ 5 சீரிஸை எடுத்துக்கொள்வோம். ஒரே வண்டிக்குக் கம்பெனியே 225/55 ஆர்17, 245/45 ஆர்18, 245/40 ஆர்19 என்று பல அளவுகள் கொடுத்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றிலும் டயரோடு சேர்ந்த மொத்த விட்டம் ஏறக்குறைய 678 மி.மீ.தான். வண்டி உயரவும் இல்லை, பெரிய சக்கரத்தில் உருளவும் இல்லை. மாறுவது பக்கச்சுவர் மட்டுமே: 17-இல் 124 மி.மீ., 18-இல் 110, 19-இல் 98. பின்சக்கரத்துக்கு 275/35 ஆர்19 போட்டிருந்தால் 96. ஆசைப்பட்டு 245/35 ஆர்20 வரை போனவரிடம் மிச்சம் 86 மி.மீ.

அந்த ரப்பர் சுவருக்குள் இருக்கும் காற்றுதான் வண்டியின் முதல் ஸ்பிரிங். பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதும்போது முதலில் மடங்கிக் கொடுப்பது அதுதான்; ஷாக் அப்சார்பருக்கும் சீட்டுக்கும் அப்புறம்தான் வேலை வருகிறது. 17-க்குப் பதில் 20 போட்டால் ஏறக்குறைய 38 மி.மீ. காற்று மெத்தையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை வைக்கிறோம். பெரிய ரிம் பெரும்பாலும் எடையும் கூடுதலாக இருக்கும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடக்கூட, சக்கரம் மேடு பள்ளத்தோடு சட்டென ஏறி இறங்க முடியாமல் தடுமாறும். அந்தத் தடுமாற்றம்தான் உள்ளே இடியாகக் கேட்கிறது.

“19 இன்ச் போட்டிருக்கு சார், அப்படியே புது மாடல் லுக்கு” என்பது விற்பவரின் பேச்சு. அவரிடம் தயங்காமல் கேளுங்கள்: “கம்பெனியில வந்த ஒரிஜினல் வீல் எங்க?” அது வீட்டு மாடியில் கிடந்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள். கடலூர், புதுவைச் சாலைகளுக்கு அந்த மாடலில் கம்பெனி கொடுத்த அளவுகளில் ஆகச் சிறியதுதான் சரி என்பது என் முடிவு. 18 வரை ஒப்புக்கொள்ளலாம். 19, 20 எல்லாம் நெடுஞ்சாலையை விட்டே இறங்காதவர்களுக்கு.

ஈ.சி.ஆரில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது

டெஸ்ட் டிரைவ் என்றதும் விற்பவர் வண்டியை கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத் திருப்புவார். சமமான சாலையில் 80-இல் போனால் எந்த செடானும் மிதக்கும். அங்கே உங்களுக்குத் தெரியவருவது ஏ.சி.யும் பாட்டுச் சத்தமும்தான்.

சுகத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வேகத்தில் போகும்போது வண்டியின் உடம்பு ஆடாமல் அடங்கி நிற்பது. மற்றொன்று, மெதுவாகப் போகும்போது சின்னச்சின்ன ஒட்டுகளும் விளிம்புகளும் முதுகெலும்பில் தெரியாமல் இருப்பது. முதலாவதை சஸ்பென்ஷன் கவனித்துக்கொள்ளும். இரண்டாவது பெரும்பாலும் டயரின் கையில். பெரிய வீல் போட்ட வண்டி முதல் பரீட்சையில் நன்றாகவே தேறிவிடும். கோட்டை விடுவது இரண்டாவதில். ஆகவே 20, 25 கி.மீ. வேகத்தில் ஒட்டுப்போட்ட தெருவில் ஓட்டிப் பாருங்கள். சிமென்ட் கல் பதித்த தெரு ஒன்று, குழாய்க்குத் தோண்டி மூடிய தெரு ஒன்று, அப்புறம் முதலியார்பேட்டையிலிருந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கன்னியக்கோயில் வரை ஒரு சுற்று. ஊர் ஊராக வரும் வேகத்தடை, பாலத்தின் இணைப்பு, கடைவீதி நெரிசல், கொஞ்சம் வேகச் சாலை எல்லாம் அந்த ஒரே வழியில் கிடைத்துவிடும். புதுவை ஊருக்குள் இருக்கும் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்ப்பதாலும் ஒன்றும் தெரியாது; மாலை 6 மணிக்கு மேல் அங்கே வண்டியை விடவும் மாட்டார்கள்.

பாட்டை நிறுத்துங்கள். கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் கேளுங்கள். சஸ்பென்ஷனை கம்ஃபர்ட், ஸ்போர்ட் என்று மாற்றும் வசதி இருந்தால் இரண்டிலும் ஒரே வேகத்தடையைத் தாண்டிப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் டாம்பரை, அதாவது ஷாக் அப்சார்பரை, சோதிக்க வேண்டும். எம் ஸ்போர்ட், எஸ் லைன், ஏ.எம்.ஜி. லைன் என்ற பெயர்களோடு வரும் வண்டிகள் பலவற்றில் ஸ்பிரிங் கொஞ்சம் தாழ்ந்தும் இறுக்கமாகவும் இருக்கும். அதில் வீலை மட்டும் மாற்றி முழு சுகத்தையும் எதிர்பார்க்க முடியாது.

பின்சீட்டில் உட்காராமல் வாங்காதீர்கள். பெற்றோரை சிதம்பரத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போகும் வண்டி என்றால், ஓட்டுபவரின் சீட்டில் கிடைக்கும் சுகம் பாதிக் கணக்குதான். பின்னால் மட்டும் அகலமான, சுவர் குறைந்த டயர் போட்ட வண்டிகளில் வித்தியாசம் இன்னும் கூடுதலாகத் தெரியும். முடிந்தால் அப்பாவையே உடன் அழைத்துப்போய் உட்காரவைத்து, “எப்படிப்பா இருக்கு?” என்று கேளுங்கள். இடுப்பு வலி உள்ளவர் சொல்லும் தீர்ப்புக்கு மேல் தீர்ப்பு இல்லை.

காற்றை அளக்காமல் சுகத்தை அளப்பது

சரியான காற்றழுத்தம் ஓட்டுநர் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ ஸ்டிக்கரில் இருக்கும். குறைந்த ஆளுக்கு ஒன்று, முழு ஆளும் மூட்டையும் ஏற்றினால் ஒன்று என்று இரண்டு அளவு போட்டிருப்பார்கள். 36 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயரில் 28 வைத்துக் காட்டினால் வண்டி பஞ்சு போலத் தோன்றும். அதே பள்ளத்தில் ரிம் அடிவாங்கும். மறுபக்கம், மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு 42 வரை ஏற்றி வைத்திருந்தால் நல்ல வண்டியும் கட்டை வண்டியாகிவிடும். உங்கள் கையில் ஒரு கேஜ் இருக்கட்டும், டயர் சூடாவதற்கு முன் அளந்து சரிசெய்துவிட்டு ஓட்டுங்கள். ஓடியபின் அளந்தால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகவே காட்டும்.

“பட்டன் அப்படியே இருக்கு”

டயர் தேயவில்லை என்பதற்குப் பஞ்சர் கடையிலிருந்து புரோக்கர் வரை எல்லோரும் சொல்வது இது; பட்டன் என்பது சாலையைத் தொடும் பக்கத்தில் இருக்கும் ரப்பர் கட்டங்கள். சொகுசுக் கார்கள் பல, வருடத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். பட்டன் தேயாது, ஆனால் ரப்பர் இறுகிவிடும். டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 3218 என்றால் 2018-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம் செய்தது. ஒரு பக்கத்தில் எண் முழுதாக இல்லாவிட்டால் உள்பக்கத்தில் இருக்கும். ஆறேழு வருடத்தைத் தாண்டிய டயரோடு ஒரு வண்டியின் சுகத்தைத் தீர்மானிக்கவே கூடாது. நான்கு டயரின் விலையைக் குறைத்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குங்கள்.

ரன்ஃபிளாட் இருக்கிறதா என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். காற்று போனாலும் பெரும்பாலும் 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. வரை ஓட்டலாம் என்பதற்காகச் சுவரைத் தடித்துச் செய்த டயர் அது. அந்தத் தடிப்புதான் சின்ன அதிர்வுகளையும் உள்ளே கடத்துகிறது. பழையதானால் இன்னும் மோசம். சாதாரண டயருக்கு மாறினால் வண்டி வேறு வண்டியாகிவிடும். ஆனால் ஸ்டெப்னியோ, இல்லையென்றால் பஞ்சர் கிட்டும் சின்னக் காற்றடிப்பானுமோ டிக்கியில் இருந்தாக வேண்டும். மரக்காணம் உப்பளத்துப் பக்கம் இரவு பத்து மணிக்கு நிற்க நேர்ந்தால் உதவிக்குக் கூப்பிட ஆள் கிடைப்பது கடினம்.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது

80-இலிருந்து 100 வரை பிரேக்கைத் தொடாமலே ஸ்டியரிங் நடுங்கினால் பேலன்சிங் இல்லை, அல்லது ரிம் வளைந்திருக்கிறது. லிஃப்டில் ஏற்றி வீலைச் சுற்றவிட்டு உள்விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் புதுப் பெயின்டில் மின்னும், வளைவும் வெல்டிங்கும் உள்ளேதான் இருக்கும். பிரேக் அடித்தால் மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்காக இருக்கலாம், அல்லது முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்மின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ். சில செடான்களில் இந்தப் புஷ்ஷுக்குள் திரவம் நிரப்பியிருப்பார்கள். கசிந்துவிட்டால் ரப்பரைச் சுற்றி எண்ணெய்க் கறை தெரியும். ஷாக்கைச் சோதிக்க மூலையை அமுக்கி ஆட்டுவது இந்த எடையுள்ள வண்டிகளுக்குப் போதாது. 30 வேகத்தில் வேகத்தடை தாண்டியபின் வண்டி ஒரே ஏற்ற இறக்கத்தில் அடங்குகிறதா என்று பாருங்கள்.

காற்று சஸ்பென்ஷன் உள்ள எஸ் கிளாஸ், 7 சீரிஸ் போன்றவற்றுக்கு இரவுச் சோதனைதான் உண்மையானது. நிறுத்திய வண்டியை நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் டேப்பால் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இடதும் வலதும் அளந்து பாருங்கள். ஒரு மூலை தொய்ந்திருந்தால் காற்றுப் பையோ வால்வோ கசிகிறது. ஸ்டார்ட் செய்தபின் கம்ப்ரஸர் நீண்ட நேரம் உறுமினாலும் அதே கதைதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் புகுந்தது. அந்த நாட்களில் வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள். உயரம் காட்டும் சென்சார்களும் ஒயர் இணைப்புகளும் தாழ்வான இடத்தில் இருப்பவை; தண்ணீர் பட்ட இணைப்பு உடனே கெடாது, மாதங்கள் கழித்துத்தான் அரிக்கும்.

சின்ன வீலுக்கு மாறும்போது

நான்கு விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும்: போல்ட் வட்டம் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), வீலின் நடுத்துளை, ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு), பிரேக் காலிப்பருக்கு (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகத்துக்கு) இடைவெளி. 2010-இல் வந்த 5 சீரிஸுக்கு போல்ட் வட்டம் 120 மி.மீ.; அதற்கடுத்த 2017 தலைமுறைக்கு 112. பெயர் ஒன்றே என்பதால் வீலும் பொருந்தும் என்று நினைத்தால் பணம் வீண். 112 எல்லாம் ஒன்று என்பதும் ஆபத்தான எண்ணம். மெர்சிடிஸ் போல்ட்டின் அமர்விடம் உருண்டை, பி.எம்.டபிள்யூவுக்குக் கூம்பு. மாற்றிப் போட்டால் இறுக்கியது போலத் தோன்றி ஓட்டத்தில் தளரும். சக்திவாய்ந்த எஞ்சின் உள்ள வண்டிகளில் பிரேக் பெரிது என்பதால் 17 ரிம் உள்ளே நுழையாமல் போகலாம். பழைய வீலை வாங்கும் முன் முன்பக்கம் ஒன்றை மாட்டி, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

டயரில் எடைக்குறியீடும் பாருங்கள். 99 என்றால் ஒரு டயர் 775 கிலோ தாங்கும், 95 என்றால் 690. விலை குறைவென்று குறியீட்டில் இறங்காதீர்கள். கம்பெனி அந்த மாடலுக்குச் சொன்ன அளவுகளுக்குள்ளேயே நின்றால் இன்சூரன்ஸ் கோரும்போதும் வாகன மாற்றம் பற்றிய கேள்வி வராது. அந்தப் பட்டியல் கதவுத் தூணிலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கும். கையேடு தொலைந்திருந்தால் வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரின் பாகங்கள் பிரிவில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.