"நார்மல்" என்று சொல்லாதீர்கள்: முதியவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம், வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்க்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணோடு கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் நாலைந்து வீடுகளுக்குப் போயிருந்தேன். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஓட்டு வீடு, முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பாட்டா (தாத்தா) வந்து உட்கார்ந்தார். இவள் கையில் பட்டையைச் சுற்றி பட்டனை அழுத்தினாள், மெஷின் 132/80 காட்டியது. "நார்மல்தான் பாட்டா, ஒண்ணும் பயப்படாண்டாம்" என்று சிரித்தபடி சொன்னாள். பாட்டாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். எனக்குத்தான் அடிவயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் இதே சொல்லை இதே சிரிப்போடு நானும் சொல்லியிருக்கிறேன்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பஸ் ஏறி, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்க முடியாமல் விட்டுவிட்ட எத்தனையோ பேருக்கு அது பெரிய காரியம். ஆனால் வாசலுக்கு மாத்திரையோடு கூட நாமும் போகிறோம், நம் வாயும் போகிறது. அந்த வாய் செய்யும் தவறுகளைத்தான் எழுதுகிறேன். தன்னார்வலராக வந்திருக்கும் பிள்ளைகளுக்கும், துபாயிலிருந்து மெஷின் வாங்கி அனுப்பிவிட்டு வீடியோ காலில் அப்பாவுக்குப் பிரஷர் பார்க்கும் மகன்களுக்கும் சேர்த்து.

பீடி, சாராயம், லட்டு பற்றி எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஆகாது என்று தெரியாதவர் யாரும் இல்லை.

சட்டைக்கு மேலே பட்டை

சட்டைக் கைக்கு மேலே, நைட்டிக் கைக்கு மேலே சுற்றாதீர்கள். துணியைச் சுருட்டி மேலே ஏற்றி அது கையை இறுக்கிக்கொண்டிருக்கும்போதும் சுற்றாதீர்கள். வெறும் கை, முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது, கை நெஞ்சு உயரத்தில் எதன்மேலாவது இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்துவிட்டு எடுங்கள். வெற்றிலை போட்டிருந்தாலோ காப்பி குடித்திருந்தாலோ அரை மணி நேரம் கழித்து. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வரச் சொல்லுங்கள். எடுக்கும்போது "மருமவ எப்படி இருக்கா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அந்தக் கேள்விக்கே பத்துப் புள்ளி ஏறும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறையும் எடுங்கள்.

தலைசுற்றுகிறது என்று சொல்கிறவரை எழுந்து நிற்க வைத்தும் எடுக்க வேண்டும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 இறங்கினால் அவர் ராத்திரி கழிவறைக்குப் போகும்போது விழுவார். அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

"நார்மல்"

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

அருமனைப் பக்கம் ஒரு பாட்டா, 68 வயது, வாழ்நாள் முழுக்க பால்வெட்டு, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்ப் பழகிய உடம்பு, ஒரு கிராம் கொழுப்பு கிடையாது, இவருக்கா பிரஷர் என்று யாரும் கேட்பார்கள். முதல் தடவை பார்த்தபோது 180/110. டாக்டரிடம் அனுப்பி மாத்திரை தொடங்கினோம். மூன்றாம் மாதம் 128/78 வந்தது. எனக்கு ஒரே பெருமை. "நார்மல் ஆயிட்டு பாட்டா!" என்றேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லியிருப்பேன்.

அவர் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? நோய் போய்விட்டது என்று நர்ஸே சொல்லிவிட்டாளே. ஆனால் மாசாமாசம் மாத்திரை வாங்கிக்கொண்டார், வேண்டாம் என்று சொன்னால் பிள்ளை வருத்தப்படும் என்று. நானும் "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்கல்லா?" என்று கேட்பேன், "ஆமா மக்ளே" என்பார், எழுதிக்கொண்டு போவேன். அந்த மாதங்களில் மெஷின் ரிப்பேர், பிரஷர் பார்க்காமலே மாத்திரை மட்டும் கொடுத்தேன். அதுவும் என் கணக்கில்தான்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு நாள் காலை, பல் தேய்க்கப் போனவர் கையிலிருந்த செம்பைத் தவறவிட்டார். வலது கை தொங்கியது, வாய் ஒரு பக்கம் கோணியது. வாயு பிடித்திருக்கும் என்று எண்ணெய் போட்டுத் தடவினார்கள். சுக்குக் கசாயம் கொடுத்தார்கள், அது வாயோரம் வழிந்தது. மூத்த மகன் வேலையிலிருந்து வரட்டும் என்று காத்திருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மதியம் தாண்டிவிட்டது. மூளை ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால் அதைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதுவும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் போடுவார்கள். அந்த நேரம் போயே போய்விட்டது.

நான் பார்க்கப் போனபோது பாட்டி அடுக்களையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து திறந்து காட்டினாள். உள்ளே நான் கொடுத்த மாத்திரை அட்டைகள், ரப்பர் பாண்டு போட்டு மாசவாரியாக, ஒன்றுகூட உடைக்காமல். "நீதானே மக்ளே சொன்ன, நார்மல்னு." திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி, இதில் அவர் தப்பு என்ன? காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிடுகிறோம், காய்ச்சல் விட்டால் நிறுத்துகிறோம். எழுபது வருஷமாக மாத்திரை என்றால் அவருக்கு அதுதான். பிரஷருக்கு வலியும் இல்லை, சூடும் இல்லை, இருந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது. அவருக்கு இருந்த ஒரே அடையாளம் என் வாயிலிருந்து வந்த சொல்தான். நாம் "நார்மல்" என்னும்போது நினைப்பது "மாத்திரையின் தயவில் எண் கட்டுக்குள் இருக்கிறது". அவர் காதில் விழுவது "சுகமாயிட்டு". நம் ஊரில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல்லே புழக்கத்தில் இல்லை என்பதுதான் சங்கடம்.

இப்போது நான் எப்படிச் சொல்கிறேன் என்றால், மழைக்காலத்துக்கு முன்னால் ரப்பர் மரத்தில் பிளாஸ்டிக் கட்டுகிறோம் அல்லவா, வெட்டின இடத்தில் மழைத்தண்ணி இறங்காமல் இருக்க. ஜூன் மாசம் பால் பிடிக்கும் சிரட்டையில் தண்ணி விழவில்லை என்றால் மழை நின்றுவிட்டது என்றா அர்த்தம்? பிளாஸ்டிக்கை அவிழ்த்துப் பாருங்கள் என்பேன். பால்வெட்டுக்காரருக்கு இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். குளச்சல், முட்டம் பக்கம் போனால் நங்கூரம். வள்ளம் ஒரே இடத்தில் நிற்கிறது என்று நங்கூரத்தைத் தூக்குவாரா யாராவது?

புத்தகத்தில் எழுதும்போதும் வெறும் 128/78 என்று எழுதாதீர்கள், "மாத்திரையோடு 128/78" என்று எழுதுங்கள், வாயாலும் அப்படியே சொல்லுங்கள். "மாத்திரை சாப்பிடுறீங்களா" என்று கேட்காதீர்கள். அதற்கு "ஆமா" தவிர வேறு பதில் வராது. "மிச்சம் எத்தனை இருக்கு, அட்டையைக் காட்டுங்க" என்று கேளுங்கள். முப்பது கொடுத்து இருபது நாள் ஆகியும் இருபத்தைந்து இருந்தால் கோபப்படாமல் ஏன் என்று கேளுங்கள். கால் வீங்குகிறது என்பார், தலை சுற்றுகிறது என்பார், அல்லது மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்று யாரோ சொன்னார்கள் என்பார். கால் வீக்கம் சில பிரஷர் மாத்திரைக்கு உண்மையிலேயே வரும், டாக்டர் மாற்றிக் கொடுப்பார். எண் ரொம்பவும் இறங்கினால் அளவைக் குறைப்பதும் உண்டு, அதையும் டாக்டர்தான் செய்ய வேண்டும், சில மாத்திரைகளைப் பட்டென்று நிறுத்தினால் முன்பு இருந்ததைவிட மேலே எகிறும். கிட்னி விஷயம் தலைகீழ்: கட்டுக்கு அடங்காத பிரஷரும் சுகரும்தான் கிட்னியைத் தின்னும்.

இவ்வளவையும் பயிற்சியில் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள். மறுநாள் வாசலில் போய் நின்று "நார்மல் பாட்டா".

வலி மாத்திரை

கிட்னி என்றதும் ஞாபகம் வருகிறது. பிரஷர் மாத்திரைக்குப் பயப்படுகிற அதே பாட்டி, முட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் டைக்ளோஃபெனாக் வாங்கி வருஷக்கணக்காகத் தின்பாள். அது பிரஷரையும் ஏற்றும், வயிற்றையும் புண்ணாக்கும், வயதானவருக்குக் கிட்னியையும் பதம் பார்க்கும். "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்றால் இதைச் சொல்லமாட்டாள், அவள் கணக்கில் அது மாத்திரையே இல்லை, "உளைச்சலுக்கு உள்ளது". தலையணைக்கு அடியில், முந்தானை முடிச்சில் இருப்பதையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

கருப்பட்டி

"சீனிதான் ஆகாது, கருப்பட்டி சுகருக்கு நல்லது" என்று நானே ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நம்பிக்கை. கருப்பட்டியும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். பனையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று ரத்தத்துக்குத் தெரியாது. கொஞ்சம் இரும்புச்சத்து, தாது இருக்கிறது என்பதற்காக நாளைக்கு மூன்று வேளை கருப்பட்டிக் காப்பி குடித்தால் குளுக்கோமீட்டர் பொய் சொல்லாது. ஒரு பாட்டி சீனியை அறவே விட்டுவிட்டாள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 290. மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்று பேச்சு. அப்புறம்தான் சட்டியைத் திறந்து பார்த்தோம், முந்திரிக்கொத்து வேறு. அதிலும் கருப்பட்டிதான், ஆகவே கணக்கில் வராதாம்.

மரச்சீனியை விடச் சொல்வது

இது எதிர்ப்பக்கத் தவறு. பயிற்சி முடித்த சூட்டில் போய் "கிழங்கு சாப்பிடாதீங்க" என்போம். மரச்சீனியில் (மரவள்ளிக்கிழங்கு) தண்ணீரைக் கழித்தால் முக்கால்வாசிக்கு மேல் மாவுச்சத்துதான், புரதம் பேருக்குத்தான் இருக்கும், அது சரி. ஆனால் இந்த மாவட்டம் முன்பு திருவிதாங்கூர், 1949 முதல் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. திருவிதாங்கூரில் 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்துப் பரப்பிய கிழங்கு இது, இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது குடும்பங்களை உயிரோடு வைத்திருந்தது. அந்தப் பஞ்சக் கதையைத் தாய் மடியில் கேட்டு வளர்ந்தவரிடம் அதை விஷம் என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, நாம் படி இறங்கியதும் அடுப்பில் வைப்பார். கிழங்கைப் பாதியாக்கி மீனைக் கூட்டச் சொல்லுங்கள். கிழங்கு வைக்கிற நேரம் சோறு வேண்டாம், அது போதும். சம்பா அரிசி என்பதால் இரண்டு தட்டு போடலாம் என்ற கணக்கும் கிடையாது.

கருவாடு வேறு விஷயம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு, ஒரு சின்ன ஸ்பூன், அதுவும் எல்லாம் சேர்த்து. கருவாடு, ஊறுகாய், பழங்கஞ்சிக்குக் கல் உப்பு என்று போனால் ஒரு வேளையிலேயே அது முடிந்துவிடும்.

வெற்றிலை

"புகையிலை இல்ல, பாக்கு மட்டுந்தான்." பாக்கும் வாய்ப்புற்றுநோய் தரும். வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

"அம்மா ஒண்ணும் செய்யாண்டாம்"

இது வெளிநாட்டு மகன்களுக்கு. காசு வந்ததும் முதலில் கிணறு போய் மோட்டார் வரும், அம்மி போய் மிக்ஸி வரும், அப்புறம் வேலைக்கு ஆள் வரும், கடைசியில் அம்மா டைல்ஸ் தரையில் நாற்காலியைப் போட்டு டிவி முன்னால் உட்காருவாள். பாசம்தான், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வருஷத்தில் தொடையில் தசை வற்றும், எடை ஏறும், சுகர் வரும், வழுக்கும் தரையில் ஒரு நாள் இடுப்பு உடையும். வாரத்துக்கு 150 நிமிட நடை, அத்துடன் வாரம் மூன்று நாள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சி வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது போதும். கொல்லையில் கீரை நடுவதையும் கோழிக்குத் தீனி போடுவதையும் அவளிடமிருந்து பிடுங்காதீர்கள்.

கால்

சுகர்காரரின் காலைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எழுந்து வராதீர்கள். விரலிடுக்கு, குதிகால், அடிப்பாதம். உணர்ச்சி போன காலில் முள் குத்தினாலும் தெரியாது. மழை ஓய்ந்த தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்கிற ஊர் இது, கோயிலுக்குப் போனால் வெயில் கொதிக்கும் கல்லில் வெறும் கால். கொப்புளம் வந்த பிறகு காட்டுவார், அதுவும் நாற்றம் அடித்தால்தான். மாதிரிக்கு உங்கள் காலையே நீட்டி வைத்துக்கொண்டு எப்படிப் பார்ப்பது என்று அவர் பேத்திக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கிளம்பும் அவசரம்

பையை மூடி, செருப்பை மாட்டி, படி இறங்கும்போதுதான் கூப்பிடுவார்கள். "மக்ளே, இன்னொரு காரியம்." ஒரு நாளைக்கு இருபது வீடு பார்க்க வேண்டியவளுக்கு அந்த நேரத்தில் வரும் எரிச்சல் எனக்குத் தெரியும். "அடுத்த மாசம் சொல்லுங்க பாட்டி" என்று பலமுறை சொல்லியும் இருக்கிறேன். போன மாதம் அந்தப் புதுப்பெண்ணும் வாசலில் அதைச் சொல்ல வாயெடுத்தாள், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். பாட்டி இழுத்து இழுத்துப் பேசினாள்: ரெண்டு வாரமாகத் தோட்டத்துப் படி ஏறும்போது நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி அழுத்துதாம், இடது கை கடுக்குதாம், நின்றால் விடுதாம், நேற்று ராத்திரியிலிருந்து படுத்திருக்கும்போதும் வருதாம். பிரஷர் பார்த்தபோது ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க பிரஷருக்குத்தானே வந்திய" என்றாள்.

108-ஐக் கூப்பிட்டோம். மிச்சம் ஆறு வீட்டை மறுநாள் பார்த்தோம்.