சேலம் வருகிறவர்களுக்கு வேட்டி பற்றிக் கொஞ்சம்

டொராண்டோவிலோ லண்டனிலோ பட்டு வேட்டி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு சேலத்துக் கல்யாணத்துக்கு வராதீர்கள். வெண்பட்டு நெய்கிற ஊரே இதுதான், புவிசார் குறியீடும் பெற்றது. ஊருக்கு வந்தபின் மாமாவையோ சித்தப்பாவையோ கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். வேட்டி எடுத்துக் கொடுப்பதை அவர்கள் தங்கள் முறையாகவே நினைப்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு கார்டை நீட்டினால் முகம் சுருங்கிவிடும்.

வெளியே போகும்போது எட்டு முழம் கட்டுங்கள். நாலு முழம் ஒற்றைச் சுற்று, வெயிலில் உள்ளே தெரியும். கட்டத் தெரியாதவர்கள் இடுப்பில் வெல்க்ரோ வைத்த ஒட்டிக்கோ வேட்டி வாங்கலாம், செல்போனுக்குப் பைகூட வைத்துத் தைக்கிறார்கள். கேலி செய்வார்கள்தான், ஆனால் கேலி செய்கிறவர்களில் சிலர் கட்டியிருப்பதும் அதுவாகவே இருக்கும்.

கரையைப் பார்த்து வாங்குங்கள். கறுப்பு சிவப்பு என்றால் திமுக, நடுவில் வெள்ளை வந்தால் அதிமுக. அழகாக இருக்கிறதென்று கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் அரசியல் பேச ஆரம்பித்துவிடுவார். மெல்லிய சரிகைக் கரை போதும்.

சரி, கட்டியாகிவிட்டது. இனி மடித்துக் கட்டுவது. தெருவில் நடக்க, மாடிப்படி ஏற, டீக்கடையில் நிற்க, முழங்கால் வரை மடித்துக் கட்டலாம். பெரியவர் எதிரே வந்தால் இறக்கிவிட வேண்டும். கோயில் வாசலிலும் துக்க வீட்டிலும் அப்படியே. யாரும் சொல்லித் தரமாட்டார்கள், ஆனால் எல்லோரும் கவனிப்பார்கள். பார்க்கிங் தகராறில் பேசிக்கொண்டிருக்கும்போதே வேட்டியை மடித்துவிடாதீர்கள், சண்டைக்குத் தயார் என்று எடுத்துக்கொள்வார்கள்.

தோளில் துண்டு போடுவதை இன்று வெறும் அலங்காரமாகப் பார்க்கிறோம். ஒரு காலத்தில் மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியவர்கள் இருந்தார்கள். சாதி ஏற்றத்தாழ்வை எதிர்த்த பெரியாரின் தலைமையில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறிய 1944 மாநாடு நடந்ததும் இதே சேலத்தில்தான். தாத்தா ஏன் துண்டில்லாமல் வெளியே கிளம்பமாட்டார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், சில வீடுகளில் அதற்கு நீண்ட பதில் உண்டு.

கார்த்திகை, மார்கழியில் கறுப்பு வேட்டியும் மாலையுமாக இருப்பவரை ‘சாமி’ என்றே அழையுங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் மஞ்சள் அதிகம் தெரியும்.

ஏற்காட்டுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரம், டிசம்பரில் நன்றாகவே குளிரும். வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா என்று போனாலும் அங்கே யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வேட்டி கட்டி வந்ததற்காக எந்த கிளப்பிலாவது தடுத்தால், 2014-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தைச் சொல்லுங்கள்: ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

துக்க வீட்டுக்குப் பட்டு வேண்டாம், துவைத்த வெள்ளை வேட்டி போதும். சம்பந்தி முறை என்றால் கோடி வேட்டி, அதாவது துக்கத்துக்கென்று எடுக்கும் புது வேட்டி, எடுக்க வேண்டியிருக்கும். யார் எடுப்பது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுவிட்டே கடைக்குப் போங்கள்.